வரையாடும் நம் கிணறும்

மாலை நேரம். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே ஒரு கிராமம். தொடர்கல்வி மையத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். சுவரில் ஒரு படம். செங்குத்தான பாறை. அதன் மேல் ஓர் ஆடு.

"இது யார் வீட்டு ஆடு?" என்று கேட்டார் ஒரு பாட்டி. எல்லோரும் சிரித்தார்கள்.

"இது காட்டு விலங்கு, பாட்டி. பெயர் வரையாடு. வரை என்றால் மலை" என்றார் ஆசிரியை. பிறகு விளக்கினார்.

மூணாறு அருகே இரவிகுளம் தேசியப் பூங்கா இருக்கிறது. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். 1978இல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. ஆனைமுடி அங்கேதான் உள்ளது. உயரம் 2,695 மீட்டர். தென்னிந்தியாவில் அதுவே மிக உயர்ந்த சிகரம்.

அங்கே மேட்டில் புல்வெளி. பள்ளத்தில் சோலைக்காடு. வரையாடு புல்லை மேயும். புலியோ சிறுத்தையோ வந்தால் பாறைக்கு ஓடும். அதன் குளம்பு எளிதில் வழுக்காது. உலகிலேயே கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மட்டும்தான் வரையாடு வாழ்கிறது. அது குட்டி போடும் காலத்தில் பூங்காவுக்குள் பார்வையாளர்களை விடுவதில்லை.

"ஆட்டுக்காக ஒரு மலையா? பயிர் வைக்கலாமே" என்றார் பாட்டி.

"அப்படித்தான் பலர் நினைத்தார்கள். பல மலைகளில் புல்லை அழித்துத் தேயிலையும் யூக்கலிப்டஸ் மரமும் நட்டார்கள். வரையாட்டின் இடம் சுருங்கியது. பாட்டி, கோடையில் உங்கள் கிணறு எப்படி?"

"குடம் மூழ்காது, மக்களே. அடியில் கொஞ்சம் கிடக்கும்."

"வெறும் பாறையில் விழும் மழை உடனே ஓடிவிடும். புல்லில் விழுந்தால் மண் குடிக்கும். சோலையின் சருகு பஞ்சு போல ஊறும். பிறகு சிறுகச் சிறுகக் கசியும். கசிவு ஓடையாகும். ஓடை ஆறாகும். நம் நெய்யாறு அகத்தியமலையில் பிறக்கிறது. அங்கும் புல்வெளி உண்டு. சோலை உண்டு. வரையாடும் உண்டு. அந்தத் தண்ணீர் நெய்யாற்றின்கரை வழியாக வந்து, பூவாறில் கடலில் சேருகிறது. கோடையிலும் ஆற்றில் நீர் இருந்தால் கரையோரக் கிணறுகளும் ஊறும்."

பாட்டி மீண்டும் படத்தைப் பார்த்தார்.

"அப்படியானால் மலையில் புல் போனால், ஆடும் போகும். என் கிணறும் வற்றும்."

"ஆமாம் பாட்டி. வரையாடு நிற்கும் மலையில் புல் இருக்கிறது. புல் இருக்கும் மலையில் தண்ணீர் இருக்கிறது."

விடை எழுதுங்கள்

1. வரையாடு என்ற பெயர் எப்படி வந்தது?
2. புல்லும் சோலையும் மழைநீரை எப்படிச் சேமிக்கின்றன?
3. உங்கள் ஊர்த் தண்ணீர் எந்த மலையிலிருந்து வருகிறது? பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.