முதுகுக்குக் காவல் எது?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் கழுத்துவலி, இடுப்புவலி என்று என்னிடம் சிகிச்சைக்கு வருவது அன்றாடக் காட்சியாகிவிட்டது. காலையில் உட்கார்ந்தால் இரவுவரை நாற்காலியை விட்டு எழாதவர்களுக்கு வலி வரத்தான் செய்யும். என்னை அதிகம் வருத்துவது அந்த வலிக்கு அவர்கள் தேடும் வழிதான். நண்பன் சேர்ந்தான் என்று ஜிம்முக்குப் போய் முதல் வாரத்திலேயே டெட்லிஃப்ட் தூக்குகிறான் ஒருவன். அம்மா ஆன்லைனில் வாங்கித் தந்தார் என்று சட்டைக்குள் தோள்பட்டை பெல்ட் கட்டிக்கொண்டு வருகிறாள் ஒருத்தி. தன் உடம்புக்கு எது ஒத்துவரும் என்று யோசித்தவர்கள் அரிது.

நல்ல வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவையே: நடை, நீச்சல், யோகாசனம், ஜிம். இதுவரை உடற்பயிற்சியே செய்யாதவர் நடையில் தொடங்கட்டும். ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி பல்கலைக்கழகம் இடுப்புவலியிலிருந்து மீண்ட 701 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது; 2024இல் லான்செட் இதழில் அது வெளியானது. நடைத் திட்டமும் வழிகாட்டலும் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப 208 நாள் ஆயிற்று. பெறாதவர்களுக்கு 112 நாள்தான். செலவில்லாத மருந்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கிணறோ குளமோ நீச்சல்குளமோ அருகில் இருந்து, நீந்தவும் தெரிந்தால் அதை விட்டுவிடாதீர்கள். நான் பார்த்தவரை, நீந்திப் பழகிய பிள்ளைகள் முதுகுவலி என்று வருவது குறைவு. யோகாசனம் ஆசிரியர் முன்னிலையில் நல்லது; கழுத்துவலி உள்ளவர் சிரசாசனம் பக்கம் போக வேண்டாம். ஜிம்மும் நல்லதே, எடையைப் படிப்படியாக ஏற்றும் பொறுமை இருந்தால்.

இனி பெல்ட்டுக்கு வருகிறேன். இடுப்பில் கட்டுவது ஒன்று, தோளைப் பின்னால் இழுத்து நிமிர்த்துவது இன்னொன்று. மருந்துக்கடை முதல் கைபேசி விளம்பரம்வரை இவைதான். காசு கொடுத்தால் நிமிர்ந்துவிடலாம் என்ற நம்பிக்கையைப் பெற்றோர் வாங்கிப் பிள்ளையின் முதுகில் கட்டுகிறார்கள்.

அமெரிக்காவில் கடைகளில் சரக்குத் தூக்கும் 9,377 தொழிலாளர்களை ஆராய்ந்து 2000இல் வெளியான ஆய்வில், தினமும் பெல்ட் அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் முதுகுவலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 21 ஆய்வுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரையும் பெல்ட் வலியைத் தடுத்ததாகத் தெரியவில்லை என்றது. உடற்பயிற்சியும் முதுகைப் பேணும் கல்வியும் சேர்ந்தபோதோ, வலி வரும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் குறைந்திருந்தது. மூட்டைத் தூக்குபவருக்கே உதவாத பெல்ட் புத்தகம் புரட்டுபவருக்கு என்ன செய்துவிடும்?

வளர்ந்தவரின் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளுக்குள் ரத்தக்குழாய்கள் கிடையாது என்றே சொல்லலாம். சுற்றியுள்ள திசுக்களிலிருந்து கசிந்து வரும் ஊட்டமே அவற்றுக்கு உணவு. அந்தக் கசிவுக்கு அசைவு துணைசெய்கிறது. பெல்ட் அசைவைக் குறைக்கிறது. அதைவிடக் கேடு, கட்டியிருக்கிறோம் என்ற தைரியத்தில் பிள்ளை இன்னும் இரண்டு மணி நேரம் எழாமல் உட்கார்ந்துவிடுகிறது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகோ எலும்பு முறிவுக்கோ மருத்துவர் கட்டச் சொன்னால் கட்டுங்கள். வலி வராமல் தடுக்க என்று கடையில் வாங்காதீர்கள்.

அந்தக் காசில் புத்தகத்தைக் கண்மட்டத்துக்கு உயர்த்தும் ஒரு தாங்கி வாங்கலாம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நான்கு எட்டு நடக்கலாம். கைபேசிக்குத் தலையைக் குனியாமல் கையை உயர்த்தலாம். பள்ளிப் பிள்ளையின் பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கொள்கையே சொல்கிறது. பெற்றோர் ஒருநாள் அதை எடைபோட்டுப் பார்க்கட்டும். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாவிட்டாலோ, வலியோடு காய்ச்சல் இருந்தாலோ இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

உடம்பும் படிப்பைப் போலத்தான். பக்கத்து வீட்டுப் பையன் எடுத்த பாடம் நம் பிள்ளைக்கும் ஒத்துவரும் என்று இல்லை. விருப்பமில்லாத பயிற்சி மாதக் கடைசிக்குள் நின்றுபோகும். கூட்டம் பிடித்தவர் கபடியோ இறகுப்பந்தோ ஆடட்டும். தனிமை பிடித்தவர் நடக்கட்டும். தசை வலுப்பெற வாரங்கள் ஆகும், பழக்கம் ஊன்ற மாதங்கள் ஆகும், அவசரப்பட்டுப் பயனில்லை. பெற்றோர்களே, பிள்ளைக்குப் பெல்ட் வாங்கித் தருவதற்கு முன், இன்று மாலை அவர்களோடு அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். நாளையும் போங்கள்.