நோய்க்கு ஒரு பெயர்

வணிகர் இருவர் வெவ்வேறு படியால் நெல்லை அளப்பராயின், அவ்விருவர் கணக்கையும் கூட்டி ஊரின் விளைச்சலை அறிதல் இயலாது. மருத்துவக் கணக்கும் நெடுங்காலம் இவ்வாறே இருந்தது.

1837ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறப்பு இறப்புகளை அரசாங்கமே பதிவு செய்யும் முறை தொடங்கிற்று. இறந்தோரின் பெயர், அகவை, தொழில், இறப்பின் காரணம் ஆகியவை இலண்டனில் இருந்த தலைமைப் பதிவகத்திற்கு வந்து குவிந்தன. அவற்றைத் தொகுக்கும் பணியை 1839இல் ஏற்றவர் வில்லியம் ஃபார் என்பவர். உழவுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து மருத்துவம் பயின்ற அவர், எண்களில் பெருவிருப்பம் உடையவர்.

ஏடுகளில் அவர் கண்டது பெருங்குழப்பம். ஒரு நோய்க்கு மூன்று நான்கு பெயர்கள் வழங்கின. ஒரு பெயராலேயே பல நோய்கள் குறிக்கப்பட்டன. முதலில் வந்த நோயை விட்டு, அதன் பின்விளைவை மட்டும் எழுதினோரும் உளர். பௌதிக ஆராய்ச்சிக்கு எடையும் அளவும் எத்துணை இன்றியமையாதனவோ, இறப்புக் கணக்கிற்கு நோய்ப் பெயர்களும் அத்துணை இன்றியமையாதன என்பது ஃபாரின் துணிபு. ஆகவே, நோய்களை வகைப்படுத்திப் பட்டியல் ஒன்றை அவர் வகுத்தார்.

பெயர்தானே என்று இதனை எளிதாக எண்ணிவிடலாகாது. டைபஸ், டைபாய்டு என்னும் இரு காய்ச்சல்களும் இங்கிலாந்தின் இறப்புக் கணக்கில் 1869 வரை தனித்தனியே பிரிக்கப்படவில்லை. முன்னது பேனால் பரவுவது; பின்னது மாசுற்ற நீராலும் உணவாலும் பரவுவது. இரண்டும் ஒரே வரிசையில் எழுதப்பட்டிருக்கும்வரை, குடிநீரைத் தூய்மை செய்ததால் எந்நோய் குறைந்தது என்று எவரால் சொல்ல இயலும்?

பட்டியலை வகுத்தல் ஒன்று. தொகுத்த கணக்கைப் பிறர்க்குத் திறந்து வைத்தல் மற்றொன்று. பின்னதே அரிது. வாந்திபேதி, தாழ்ந்த இடங்களில் தேங்கும் தீய காற்றால் பரவுகிறது என்று ஃபார் கருதினார். ஜான் ஸ்நோ என்னும் மருத்துவரோ, அது குடிநீரால் பரவுகிறது என்றார். 1854இல் அந்நோய் இலண்டனைத் தாக்கியபோது, இறந்தோர் வாழ்ந்த வீடுகளின் முகவரிகளை ஸ்நோ பதிவகத்தில் கேட்டார். தம் கொள்கைக்கு மாறானவர் என்று ஃபார் அவற்றை மறைத்தாரல்லர்.

தென் இலண்டனில் சில தெருக்களில் இரண்டு கம்பெனிகளின் குழாய்கள் அருகருகே சென்றன. லாம்பெத் கம்பெனி, 1852 முதல், நகரத்துச் சாக்கடை கலவாத மேற்பகுதியில் தேம்ஸ் ஆற்று நீரை எடுத்தது. சவுத்வார்க்கு–வாக்சால் கம்பெனியோ நகரத்துக் கழிவு கலந்த நீரையே வழங்கியது. ஸ்நோ வீடு வீடாகச் சென்று, எக்கம்பெனியின் நீர் என்று வினவினார். பலர்க்கு அது தெரியவில்லை. தெரியாத வீட்டில் அவர் சிறிது நீரைப் பெற்று, அதிலுள்ள உப்பைச் சோதித்தார். கீழ்ப்பகுதி நீரில் உப்பு ஏறத்தாழ நாற்பது மடங்கு மிகுதி. ஆதலால் விடை ஐயமறக் கிடைத்தது.

நோயின் முதல் ஏழு வாரங்களில், பதினாயிரம் வீடுகளுக்கு, சவுத்வார்க்கு–வாக்சால் நீரைப் பெற்றவற்றில் 315 இறப்புகள். லாம்பெத் நீரைப் பெற்றவற்றில் 37. பதிவகம் அளித்த முகவரிகள் இன்றி ஸ்நோ இவ்வெண்களைக் கண்டிருத்தல் அரிது. ஃபார் உடனே மனம் மாறவில்லை. 1866இல் மீண்டும் வாந்திபேதி வந்தபோது, கிழக்கு இலண்டனுக்கு நீர் வழங்கிய கம்பெனியின் மீது குற்றம் சாட்டும் சான்றுகளைத் திரட்டியவர் அவரே. ஸ்நோ அதனைக் காண உயிரோடில்லை, 1858இலேயே மறைந்துவிட்டார்.

ஒரு நாட்டிற்குள் இவ்வளவு இடர் என்றால், பல நாடுகளுக்கிடையே சொல்ல வேண்டுவதில்லை. 1853இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடிய உலகப் புள்ளியியல் மாநாடு, எல்லா நாடுகளுக்கும் ஏற்ற பட்டியலை ஆக்குமாறு ஃபாரையும், ஜெனீவா நகரத்து மார்க் தெஸ்பீனையும் வேண்டியது. ஒருமை காணச் சென்ற இருவரும் 1855இல் இரண்டு பட்டியல்களோடு வந்தனர்! ஃபார் பெரும்பாலும் நோய் தோன்றும் உறுப்பைக் கொண்டு பகுத்திருந்தார். தெஸ்பீன் நோயின் இயல்பைக் கொண்டு பகுத்திருந்தார். மாநாடு இரண்டையும் இணக்கி, 139 தலைப்புகளை ஏற்றது. 1860இல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், மருத்துவமனைகள் யாவும் ஒரே வகைப் படிவத்தில் நோயாளர் கணக்கை எழுத வேண்டும் என்று இலண்டன் மாநாட்டிற்குத் திட்டம் விடுத்தார்.

எனினும், நாடுகள் பலவும் கைக்கொண்ட பட்டியல் 1893இல் பாரிஸ் நகரத்து ஜாக் பெர்த்தியோன் அளித்ததேயாகும். ஃபாரின் உறுப்புவழிப் பகுப்பே அதற்கு அடிப்படை. 1948 முதல் அதனைப் பேணும் பொறுப்பை உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. இறப்பு மட்டுமன்றி நோயும் அதில் இடம்பெற்றது. அதன் பதினோராம் திருத்தம் 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனத்தில் புதிய நச்சுயிரி ஒன்று பரவியபோது, அங்குள்ள அறிஞர் அதன் மரபணு வரிசையைச் சனவரியிலேயே உலகிற்கு வெளியிட்டனர். எல்லா ஆய்வுக்கூடங்களும் அறிந்த எழுத்துகளில் அவ்வரிசை அமைந்திருந்ததால், தொலைநாட்டு அறிஞர் அந்நச்சுயிரியைத் தம் கையிற் பெறுமுன்னரே தடுப்பூசி ஆக்கத் தொடங்கினர். மார்ச்சுத் திங்களில் அமெரிக்க நாட்டில் முதல் ஊசி சோதனைக்காகப் போடப்பட்டது. அந்நோய்க்கும், பெர்த்தியோன் பட்டியலின் வழிவந்த ஏட்டில், கோவிட்–19 என்ற பெயரும் ஒரு குறியெண்ணும் அதற்குள் எழுதப்பட்டிருந்தன.