பொருளடக்கம் அமைக்கும் முறை: சீறாப்புராணத்தை முன்வைத்து

பாயிரம் இல்லாதது நூலாகாது என்பது பவணந்தி முனிவர் கொள்கை. அச்சு நூல்களைக் கையாளும் நமக்குப் பாயிரத்தை அடுத்து இன்றியமையாதது பொருளடக்கம். ஆயினும் ஆய்வேடு எழுதுவோர் அதனைப் பைண்டிங்கிற்குக் கொடுக்கும் நாளின் அவசரத்தில் கையால் எண்ணிட்டுச் சேர்ப்பதே வழக்கமாயுள்ளது.

யானும் அவ்வாறு செய்தவனே. எம்.ஃபில். வாய்மொழித் தேர்வின்போது புறத்தேர்வாளர் பொருளடக்கம் காட்டிய பக்கத்தைப் புரட்டினார். அவர் தேடிய தலைப்பு மூன்று பக்கம் தள்ளி இருந்தது. இறுதியில் சில மேற்கோள்களைச் சேர்த்த யான் எண்களை மாற்ற மறந்திருந்தேன். அவர் ஒன்றும் கூறவில்லை. அதன்பின் பொருளடக்கத்தை அவர் பார்க்கவுமில்லை.

திருவக்கரையிலிருந்து வரும் மாணவர் ஒருவர், உமறுப்புலவரின் சீறாப்புராணப் படலங்களுக்குப் பொருட்சுருக்கம் எழுதிக் கொணர்ந்தார். அவர் ஏட்டிலும் அதே பிழை. அவருக்குக் கூறியதையே ஈண்டு எழுதுகிறேன்.

டொனால்டு குனூத் 1978இல் வெளியிட்ட டெக் என்னும் அச்சுக்கோப்பு முறையின்மீது லெஸ்லி லாம்போர்ட் 1980களில் எழுப்பியது லாடெக். 2004இல் வெளிவந்த ஸீடெக் ஒருங்குறித் தமிழை நேரே ஏற்கும். இம்முறையில் பொருளடக்கத்தை நாம் எழுதுவதேயில்லை. உரைக்குள் இது காண்டம், இது படலம் எனக் கட்டளையால் குறித்தல் போதும். கணினி முதல் ஓட்டத்தில் தலைப்பையும் பக்க எண்ணையும் தனிக்கோப்பில் பதிந்துகொள்ளும். அடுத்த ஓட்டத்தில் அதனைப் படித்து அச்சிடும். பொருளடக்கமே சில பக்கங்களைப் பிடித்துப் பின்னுள்ள எண்களைத் தள்ளுமாதலின் மூன்றாம் ஓட்டமும் வேண்டியிருக்கும். சோம்பினால் பழைய எண்ணே நிற்கும்.

சீறாப்புராணம் 5027 பாடல்களும் 92 படலங்களும் உடையது. விலாதத்துக் காண்டத்தில் 24, நுபுவ்வத்துக் காண்டத்தில் 21, ஹிஜ்ரத்துக் காண்டத்தில் 47 படலங்கள். லாடெக்கின் 'புக்' வகையில் காண்டத்திற்குப் 'பார்ட்', படலத்திற்குச் 'சாப்டர்' என்னும் கட்டளைகள் பொருந்தும். ஆனால் காண்டம் மாறினும் படல எண் தொடர்ந்தே செல்லும். நுபுவ்வத்துக் காண்டத்தின் முதற்படலம் 25 என விழும். 'பார்ட்' மாறுந்தோறும் 'சாப்டர்' எண் ஒன்றிலிருந்து தொடங்குமாறு முகப்பிலேயே ஆணையிடல் வேண்டும்.

ஆங்கிலத் தலைப்பை நீக்கிப் 'பொருளடக்கம்' என இடுதல் எளிது. இடர் தருவது வேறொன்று. எண்ணுக்கு முன் 'படலம்' என்னும் சொல்லைச் சேர்க்க விரும்பினார் மாணவர். 'டாக்லாஃப்ட்' என்னும் துணைத்தொகுப்பு அதற்கு இடந்தரும். சேர்த்தவுடன் அச்சொல் தலைப்பின்மேல் ஏறி அமர்ந்தது! எண்ணுக்கென ஒதுக்கிய அகலம் இரண்டு இலக்கங்களுக்கே போதுமானது. அவ்வகலத்தையும் உடன் கூட்டியிருக்க வேண்டும். படல வரிகளுக்குப் புள்ளிக்கோடு இயல்பாக வாராது. அதனையும் அத்தொகுப்பே தரும். நீண்ட தலைப்புகளிடையே கண் வழுவாமலிருக்க அது தேவை. உட்தலைப்புகளைக் காட்டும் ஆழத்தைச் சுழியாக்கினால் பட்டியல் படலத்தோடு நின்றுவிடும்.

மாணவர் மும்முறை ஓட்டி அச்செடுத்து வந்தார். யான் ஹிஜ்ரத்துக் காண்டத்தின் 47ஆம் படலத்திற்குரிய எண்ணைப் பார்த்துப் பக்கத்தைப் புரட்டினேன். தலைப்பு அங்கேயே இருந்தது.