இணையவழிப் பாடத் தேர்வு: மாணவரின் பாணியும் பாடத்தின் தன்மையும்

இணையவழிக் கல்வியை மாணவர் ஒவ்வொருவரின் இயல்புக்கும் பொருத்த முற்படுவோர் முதலில் எதிர்கொள்வது 'கற்றல் பாணி' என்னும் கருத்தாகும். சிலர் பார்த்தும், சிலர் கேட்டும், சிலர் படித்தெழுதியும், சிலர் கையால் செய்தும் எளிதில் கற்கின்றனர் என்பது இதன் சாரம். நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங், காலீன் மில்ஸுடன் இணைந்து 1992இல் வெளியிட்ட வகைப்பாடு இதைப் பரவலாக்கியது. ஆயினும் ஹரால்ட் பாஷ்லரும் பிற உளவியலாளர் மூவரும் 2008இல் வெளியிட்ட திறனாய்வு, பாணிக்கேற்பக் கற்பித்தால் தேர்ச்சி உயரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று காட்டியது. மாணவருக்கு விருப்பம் உண்டு என்பது உண்மையே. விரும்பிய வழியே பயனுள்ள வழி என்று கொள்வதுதான் பிழை.

ஆகவே, புதுச்சேரியின் நெல்லித்தோப்பில் வாழும் ஒரு குடும்பம் பிள்ளையின் பாணியை வினாத்தாள் கொண்டு அளப்பதைவிட, பாடம் எதை வேண்டுகிறது என்று கேட்பதே முறையாகும். புதுச்சேரியில் பலரும் கற்கும் பிரெஞ்சு மொழியில், சொல்லின் இறுதி மெய்யெழுத்து பெரும்பாலும் ஒலிப்பதில்லை. இதை அச்சுப் பக்கம் உணர்த்தாது என்பதால், 'வாசிப்புப் பாணி' உடையவர் எனப்படும் மாணவரும் ஒலிப்பதிவைக் கேட்டே ஆகவேண்டும். இதயத்தில் குருதி செல்லும் பாதைக்கு அசைவுப்படம் துணை செய்யும். ஆனால் படத்தைப் பார்த்து முடித்தபின், புத்தகத்தை மூடி வெற்றுத் தாளில் நான்கு அறைகளையும் வால்வுகளையும் வரைந்து பெயரிடும்போதுதான் எது நினைவில் நின்றது என்பது தெரியவரும். கணக்கிற்கோ காணொளியைவிடப் பயிற்சித் தாளே முதன்மையானது.

தளங்களைப் பொறுத்தவரை, ஒன்றிய அரசு 2017இல் தொடங்கிய திக்‌ஷாவும் ஸ்வயமும் வெவ்வேறு தேவைகளுக்கு உரியவை. திக்‌ஷா பள்ளிப் பாடநூலை ஒட்டியது. பாடங்களைப் பதிவிறக்கி இணைப்பின்றியும் பார்க்க இயலும் என்பதால், மாலையில் பெற்றோர் வீடு திரும்பிய பின்னரே கைப்பேசி கிடைக்கும் இல்லங்களுக்கு நேரலை வகுப்பைவிட இதுவே ஏற்றது. ஸ்வயம் பெரும்பாலும் கல்லூரி மாணவருக்கு உரியது. அதன் பாடங்கள் காணொளி, வாசிப்புப் பொருள், தன்மதிப்பீடு, கலந்துரையாடல் என்னும் நான்கு கூறுகளால் ஆனவை. காணொளியோடு நின்றுவிடும் மாணவர் தன்மதிப்பீட்டின் பயனை இழக்கின்றனர். தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி தமிழில் தெளிவாக விளக்கினாலும், புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 கல்வியாண்டு முதல் படிப்படியாக மத்திய பாடத்திட்டத்திற்கு மாறியதால், அதன் பாட வரிசை இங்குள்ள மாணவரின் புத்தகத்தோடு பொருந்துவதில்லை. கருத்தைத் தாய்மொழியில் விளங்கிக்கொள்ள அதையும், தேர்வு வரிசைக்குத் திக்‌ஷாவையும் கொள்ளலாம்.

இனி, தனிமாணவருக்கேற்ற கல்வி என்பதே வீண் என்று இதனால் முடிவு செய்தலாகாது. 1943இல் அரவிந்தர் ஆசிரமத்தில் தொடங்கி, இன்று ஸ்ரீ அரவிந்தர் பன்னாட்டுக் கல்வி மையமாக விளங்கும் பள்ளி, மாணவர் தத்தம் வேகத்திலும் ஆர்வத்திலும் முன்னேறும் முறையை இதே நகரில் பின்பற்றி வருகிறது. அங்குப் பட்டமும் வழங்கப்படுவதில்லை. அம்முறை பிள்ளைகளைக் கண்ணால் கற்போர், காதால் கற்போர் என்று பிரிப்பதில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. மாணவருக்கு மாணவர் மெய்யாகவே வேறுபடுவது முன்னறிவும் வேகமும்தான். பின்னங்கள் புரியாத பிள்ளைக்கு இயற்கணிதக் காணொளியை எத்தனை வடிவில் தந்தாலும் பயனில்லை. கீழ்வகுப்புப் பாடத்திற்குத் திரும்பச் செல்லவும், நிறுத்தி நிறுத்திப் பார்க்கவும் இடம்தரும் பதிவுப் பாடமே அப்பிள்ளைக்கு உகந்தது. முன்னறிவு நிறைந்த மாணவரோ நீண்ட விளக்கத்தைத் தவிர்த்து நேரே கணக்குகளுக்குச் செல்லலாம். ஐயம் எழும்போது உடனே வினவ நேரலை வகுப்பு அவருக்குப் பயன்படும்.

எவ்வழியைத் தேர்ந்தாலும், ஒரு வாரம் கழித்துக் குறிப்பைப் பாராமல் அதே பாடத்திலிருந்து சில வினாக்களுக்கு விடையெழுதச் செய்து, விடைகள் தவறினால் தளத்தை மாற்றுமுன் முன்னறிவில் எங்கே இடைவெளி உள்ளது என்று தேடுதல் வேண்டும்.