பிரேக்கில் காற்று எடுக்க எந்தச் சாமான் வாங்குவது?



நமது லயங்களில் இன்று ஆட்டோவும் பழைய வானும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. லீவு வந்தால் அதே வண்டியில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு திருக்கோணேஸ்வரம், கன்னியா வெந்நீர் ஊற்று, நிலாவெளிக் கடற்கரை என்று திருகோணமலைக்குப் போகிறோம். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து அந்தப் பக்கம் போய்க் குடியேறிய நம் சொந்தக்காரர்களும் அங்கே இருக்கிறார்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். திருகோணமலைத் துறைமுகமோ கடல் மட்டம். அவ்வளவு உயரத்தையும் பிரேக்கை நம்பித்தான் இறங்குகிறோம். ஆகவே இந்தப் பாடம்.

காற்று ஏன் ஆபத்து?

நாம் பெடலை மிதிக்கும்போது அந்த அமுக்கத்தைச் சில்லு வரை கொண்டுபோவது பிரேக் ஒயில். ஒயில் சுருங்காது. காற்று சுருங்கும். குழாய்க்குள் காற்று இருந்தால் நாம் மிதிக்கும் பலம் காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடும். "பெடல் பஞ்சு மாதிரி இருக்குது" என்று டிரைவர்மார் சொல்வது இதைத்தான்.

இன்னொரு விஷயம். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அது 140 பாகை வரை இறங்கிவிடலாம். டொட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. றம்பொடைப் பக்கத்து நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் சூடு ஏறி, ஒயில் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலச் சுருங்கும். பெடல் தரை வரை போகும். "பாத்துக்கலாம்" என்று சொல்ல அங்கே நேரம் இருக்காது.

வாங்க வேண்டிய சாமான்கள்

1. றிங் ஸ்பெனர். நிப்பிளுக்குச் சரியான அளவில், ஆறு மூலை உள்ளதாகப் பாருங்கள். அளவு வண்டிக்கு வண்டி மாறும். நிப்பிளில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். வாய் திறந்த ஸ்பெனரும், குறடும் நிப்பிளின் மூலையைத் தேய்த்துவிடும். காசு குறைவென்றால் மற்றதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

2. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப். நிப்பிளில் இறுக்கமாக ஏற வேண்டும். உள்ளே குமிழி போவது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

3. தெளிவான போத்தல். அடியில் கொஞ்சம் புதிய ஒயில் ஊற்றி, டியூப்பின் நுனி அதற்குள் மூழ்கும்படி வையுங்கள். குடிக்கும் சோடாப் போத்தலில் மீதியை விட்டுவைக்காதீர்கள். அது நஞ்சு, பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடும்.

4. சீல் உடையாத புதிய ஒயில். டாங்கி மூடியில் எந்த டொட் என்று எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள். டொட் 5 சிலிக்கோன் வகை. 3, 4 உடன் கலக்கக் கூடாது. சிறிய போத்தலாக வாங்குவதே லாபம். திறந்து வைத்தது மழைக்கால ஈரத்தை இழுத்துக்கொள்ளும். என்ஜின் ஒயில், மண்ணெண்ணெய் ஒரு சொட்டும் கூடாது, றபர் வீங்கிவிடும்.

5. ஜக், தாங்குகட்டை, சில்லுக்கு அடைகல். லயத்து முற்றம் சரிவாக இருந்தால் அங்கே வேலை வேண்டாம், சமதரையில் செய்யுங்கள். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகக் கூடாது.

கடையில் வேறு மூன்று வகையும் காட்டுவார்கள். ஒருவழி வால்வு வைத்த டியூப் மலிவு, தனி ஆளுக்கு உதவும். கையால் இழுக்கும் வெற்றிடப் பம்பும் தனி ஆளுக்கு நல்லது. ஆனால் நிப்பிளின் புரியைச் சுற்றி வெளிக்காற்றையும் இழுப்பதால் பொய்க் குமிழி காட்டும். டாங்கி மூடியில் பூட்டும் அமுக்கப் பம்ப் விலை கூட. அதன் மூடி நம் வண்டிக்குப் பொருந்த வேண்டும். ஒரு வண்டி வைத்திருக்கும் குடும்பத்துக்கு டியூப், போத்தல், பெடல் மிதிக்க ஓர் ஆள் போதும். நாலைந்து ஆட்டோக்காரர் சேர்ந்தால் ஒரு பம்பைப் பொதுவில் வாங்கலாம்.

செய்யும் முறை

முதலில் டாங்கியை நிரப்புங்கள். வேலை முடியும் வரை அது பாதிக்குக் கீழே போகவே கூடாது. போனால் புதுக் காற்று புகும். எந்தச் சில்லில் தொடங்குவது என்பதை வண்டிப் புத்தகத்தில் பாருங்கள். பெரும்பாலும் டாங்கிக்குத் தூரமான சில்லு முதலில் வரும்.

பெடலில் இருப்பவர் மெதுவாக மிதித்து, "அமத்திட்டேன்" என்று சொல்லி அப்படியே பிடிக்க வேண்டும். கீழே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, ஒயில் வந்ததும் மூடி, "விடு" என்று சொல்ல வேண்டும். மூடும் முன் பெடலை விட்டால் காற்று திரும்பிப் போகும். பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதிக்காதபடி கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள்; மாஸ்டர் சிலிண்டரின் றபர் தப்பும். குமிழி நின்று தெளிந்த ஒயில் வரும்வரை இப்படியே செய்யுங்கள். வெளியே வந்த ஒயிலைத் திரும்ப ஊற்றக் கூடாது. ஓடையிலும் கொட்டக் கூடாது. பெயின்ரில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

துறைமுகப் பக்கத்தில் ஓடும் வண்டிக்கு

சீனக்குடா, உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் உப்புக்காற்று நிப்பிளைத் துருப்பிடிக்கச் செய்யும். அங்கே இருக்கும் உறவினர் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஒரு இரவு ஊறவிட்டுத் திறக்க வேண்டும். எண்ணெய் பிரேக் கட்டையில் படக் கூடாது. அசையாவிட்டால் பலம் போடாமல் கராஜ் பாஸிடம் கொடுங்கள். உடைந்தால் செலவு பல மடங்கு. முடிந்ததும் றபர் மூடியை மறக்காமல் போடுங்கள்.

எப்போது நாம் கை வைக்கக் கூடாது?

என்ஜினை நிறுத்தி, பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் பழுது. காற்று எடுத்து அதைத் தீர்க்க முடியாது. ஏபிஎஸ் உள்ள வண்டிக்குத் தனிக் கருவி தேவைப்படலாம், கராஜுக்கே போங்கள். சரியாக வந்தாலும் முதலில் சமதரையில் மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகே ஆட்களை ஏற்றுங்கள். இறக்கத்தில் சிறிய கியர் போட்டு இறங்குங்கள். நல்ல பிரேக்குக்கும் ஓய்வு வேண்டும்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. நிப்பிளை மூடும் முன் பெடலை விட்டால் என்ன நடக்கும்?
2. போன வருடம் திறந்த ஒயில் போத்தலை ஏன் பாவிக்கக் கூடாது?
3. நமது வண்டியின் டாங்கி மூடியில் என்ன எழுதியிருக்கிறது?

மூன்றாவதற்குப் பதில் தெரியாவிட்டால், இன்றைக்கே வண்டியைத் திறந்து பாருங்கள்.