கிரீன் அம்மோனியா: டேங்கில் தெரியாத வித்தியாசம், பேப்பரில் 82 கோடி



போன வாரம் நம்ம சேனல் பார்க்கிற ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தார். "அண்ணா, போனஸ் ஒரு லட்சம் வந்திருக்கு. டெலிகிராம் குரூப்ல ஒரு கிரீன் அம்மோனியா ஷேர் சொல்றாங்க. மொத்தமா போட்டுடலாமா?"

இதே தப்பை நானும் செஞ்சவன்தான். ரெண்டு வருஷம் முன்னாடி "கிரீன்" என்ற ஒரே வார்த்தையையும் ஒரு எம்.ஓ.யூ. செய்தியையும் பார்த்து ஒரு ஷேர் வாங்கினேன். கம்பெனி பேர் வேண்டாம். 14 மாசம் வச்சிருந்து, முப்பது சதவீத நஷ்டத்தில் வெளியே வந்தேன். அவங்க என்ன தயாரிக்கப் போறாங்க, அதை "கிரீன்" என்று யார் ஒத்துக்கணும், ஒத்துக்கலைன்னா என்ன விலைக்குப் போகும் என்று ஒரு கேள்வி கூட நான் கேட்கல. அந்தக் கேள்விகளைத்தான் இன்னைக்கு பார்க்கப் போறோம்.

முதலில் அடிப்படை. அம்மோனியா என்றால் உரத்துக்கு மூலப்பொருள். உலகத்தில் வருஷத்துக்கு 18 கோடி டன்னுக்கு மேல் தயாராகிறது, அதில் ஏறக்குறைய 70 சதவீதம் உரத்துக்குப் போகிறது. காற்றிலிருந்து நைட்ரஜன், இயற்கை எரிவாயு அல்லது நிலக்கரியிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து, இரண்டையும் அதிக அழுத்தத்தில் சேர்க்கிறார்கள். 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவில் தொடங்கிய ஹேபர்-போஷ் முறை இன்றும் அதேதான். பிரச்சனை ஹைட்ரஜன் எடுக்கும் இடத்தில். உலக சராசரியாக ஒரு டன் அம்மோனியா தயாரிக்க சுமார் 2.4 டன் கார்பன் டை ஆக்சைடு ஆலையிலிருந்து நேரடியாக வெளியேறுகிறது. அந்தக் கார்பனைப் பிடித்து பூமிக்குள் செலுத்தினால் "நீல" அம்மோனியா. சூரிய, காற்றாலை மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்தால் "கிரீன்".

இப்போ விஷயத்துக்கு வாங்க. தங்கம் வாங்கப் போறீங்க, 916 ஹால்மார்க் பார்க்கிறீங்க. சந்தேகம் வந்தால் மெஷினில் வச்சு ரெண்டு நிமிஷத்தில் சுத்தம் பார்த்துடலாம். அம்மோனியாவில் அது நடக்காது. சாதா அம்மோனியாவும் கிரீன் அம்மோனியாவும் ஒரே மூலக்கூறு. ஒரே நாத்தம், ஒரே டேங்க், ஒரே கப்பல். துறைமுகத்தில் சாம்பிள் எடுத்து எந்த லேபுக்கு அனுப்பினாலும் "இது அம்மோனியா" என்று மட்டும்தான் ரிப்போர்ட் வரும்.

உங்க பேங்க் அக்கவுண்ட்டில் இருக்கிற பணமும் அப்படித்தான். சம்பளமா, கைமாத்தா என்று நோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஹோம் லோன் கேட்டால் மேனேஜர் ஃபார்ம் 16 கேட்கிறார். கிரீன் அம்மோனியாவில் கம்பெனி விற்கிற சரக்கில் பாதி அந்த ஃபார்ம் 16 தான்.

அந்தப் பேப்பரோட விலை என்ன? கணக்கு போட்டே பார்த்துடலாம்.

2025-ல் மத்திய அரசின் செகி நிறுவனம் உர ஆலைகளுக்காக கிரீன் அம்மோனியா ஏலம் நடத்தியது. ஒடிசாவின் பாரதீப் ஆலைக்கு வருஷம் 75,000 டன், பத்து வருஷ ஒப்பந்தம். வந்த விலை கிலோ ரூ.55.75. டாலரில் டன்னுக்கு 641. அந்த மார்ச் மாதத்தில் சாதா அம்மோனியா டன் 515 டாலர், அதாவது கிலோ சுமார் 45 ரூபாய். வித்தியாசம் கிலோவுக்கு 11 ரூபாய். 75,000 டன் என்பது 7.5 கோடி கிலோ. பெருக்கிப் பாருங்க, வருஷத்துக்கு சுமார் 82 கோடி ரூபாய். சான்றிதழ் கையில் இல்லை என்றால் அதே டேங்க், அதே சரக்கு, 82 கோடி குறைவு.

இதோட முடியல. இந்தத் திட்டத்தில் அரசு ஊக்கத்தொகை முதல் வருஷம் கிலோவுக்கு ரூ.8.82, இரண்டாம் வருஷம் 7.06, மூன்றாம் வருஷம் 5.30. முதல் வருஷம் மட்டும் 66 கோடி. நாலாவது வருஷம் பூஜ்யம், ஆனால் ஒப்பந்தம் பத்து வருஷம். எந்த "கிரீன்" கம்பெனியின் லாபக் கணக்கைப் பார்த்தாலும் நாலாவது வருஷத்தை மறக்காம பாருங்க. டெலிகிராம் குரூப்பில் முதல் வருஷத்தை மட்டும்தான் காட்டுவாங்க.

சரி, எந்த அளவு வரை "கிரீன்"?

இங்கேதான் குழப்பம் ஆரம்பிக்குது. இந்தியா 2023 ஆகஸ்டில் கிரீன் ஹைட்ரஜனுக்கு ஒரு எல்லை வகுத்தது: ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோ கார்பன், 12 மாத சராசரியில். தென் கொரியா 4 கிலோ வரை ஒத்துக்கொண்டு அதையே நாலு கிரேடாகப் பிரிக்கிறது. ஐரோப்பாவில் கணக்கு வேறு மாதிரி, ஆனால் ஹைட்ரஜனில் மாற்றிப் பார்த்தால் சுமார் 3.4 கிலோ வரும். எண்ணை மட்டும் பார்த்தால் இந்தியாதான் ரொம்ப கறார், மத்தவங்க தாராளம் போலத் தெரியும். அப்படி இல்ல.

ஒருத்தர் "எனக்கு 12 லட்சம்" என்கிறார். நீங்க உடனே என்ன கேட்பீங்க? சி.டி.சி.யா, கைக்கு வர்றதா? அதே கேள்வியை இங்கேயும் கேட்கணும். கார்பன் கணக்கு எங்கே தொடங்கி எங்கே முடியுது? ஜப்பான் 2023 ஜூனில் வெளியிட்ட ஹைட்ரஜன் கொள்கையில் கிலோ அம்மோனியாவுக்கு 0.84 கிலோ கார்பன் என்று வைத்தது, ஆலைக்குள் நடப்பதை மட்டும் எண்ணி. அடுத்து 2024-ல் சட்டம் வந்தபோது எண் 0.87 ஆனது. தளர்த்திட்டாங்க என்று நினைச்சா ஏமாந்துடுவீங்க. இந்த முறை கணக்கு எரிவாயுக் கிணற்றிலிருந்தே தொடங்குது, வழியில் கசியும் மீத்தேனும் சேருது. எண் கொஞ்சம் கூடியது, பரீட்சை கஷ்டமாகிவிட்டது.

ஐரோப்பாவின் கறார் இன்னொரு இடத்தில். அங்கே "புதுப்பிக்கத்தக்க" லேபிள் வேண்டும் என்றால் நீல அம்மோனியா கிட்டவே வர முடியாது. மின்சாரம் புதிதாகக் கட்டிய சோலார், காற்றாலையிலிருந்து வரணும். ஹைட்ரஜன் தயாரித்த மாசமும் அந்த மின்சாரம் உற்பத்தியான மாசமும் பொருந்தணும். 2030 முதல் மணிக்கு மணி பொருந்தணும். நம்ம ஊரில் 12 மாத சராசரி. மாசக் கடைசியில் மொத்த மணி நேரத்தைக் கணக்குப் பார்க்கிற ஆபீஸுக்கும், ஒவ்வொரு மணி நேரமும் பயோமெட்ரிக் வைக்கிற ஆபீஸுக்கும் உள்ள வித்தியாசம் அது. ராத்திரி சோலார் கிடையாது, அப்போ பேட்டரி வேணும், இல்லன்னா ஆலையை நிறுத்தணும். ரெண்டுமே செலவு.

2024-ல் ஜெர்மனி ஆதரவுடன் நடந்த எச்2குளோபல் ஏலத்தில் எகிப்திலிருந்து வரும் அம்மோனியாவுக்கு ராட்டர்டாம் வந்து சேரும் விலை டன்னுக்கு 1,000 யூரோ. கிலோ சுமார் 90 ரூபாய். பாரதீப் விலையோட ஒப்பிட்டா தலை சுத்தும். கப்பல் செலவு, வட்டி எல்லாம் அதில் இருக்கு, ஆனால் எந்த லேபிள் என்பதும் அதில் ஒரு பங்கு.

ஆக, "எங்க கிட்ட சான்றிதழ் இருக்கு" என்று ஒரு கம்பெனி சொன்னால், எந்த நாட்டு வாங்குபவருக்கு என்பதுதான் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி, எந்தக் கட்டச் சான்றிதழ்? 2025 ஏப்ரலில் இந்தியா தொடங்கிய கிரீன் ஹைட்ரஜன் சான்றிதழ் திட்டத்தில் மூன்று படி இருக்கு. வரைபட நிலையில் ஒன்று, ஆலை கட்டியபின் தற்காலிகமாக ஒன்று, ஓடிய பிறகு உண்மையான உற்பத்திக் கணக்கை வச்சு இறுதியாக ஒன்று. அரசு ஊக்கத்தொகை வாங்குபவருக்கு கடைசிப் படி கட்டாயம். உங்க போனுக்கு தினமும் வருதே, "ப்ரீ-அப்ரூவ்டு லோன் 8 லட்சம்", அது வேற, சாங்ஷன் லெட்டர் வேற, பணம் அக்கவுண்ட்டில் ஏறுவது வேற இல்லையா? காக்கிநாடாவில் ஏ.எம். கிரீன் திட்டம் ஐரோப்பிய விதிகளின்படி முன்சான்றிதழ் வாங்கியிருக்கிறது. நல்ல விஷயம்தான், ஆனால் அந்தப் பெயரிலேயே "முன்" இருக்கு. மாறாக 2022-ல் சவுதியின் சாபிக், டி.யூ.வி. ரைன்லாந்து நிறுவனத்திடம் வாங்கியது 37,800 டன் நீல அம்மோனியாவுக்கான சான்றிதழ். அளவு சொல்லி வாங்கிய பேப்பர் அது.

மூன்றாவது, ஒரே டன்னை ரெண்டு பேருக்கு விற்காம எப்படித் தடுக்கிறாங்க? கணவன் மனைவி ரெண்டு பேரும் ஒரே வீட்டு வாடகை ரசீதை வச்சு முழு எச்.ஆர்.ஏ. க்ளெய்ம் பண்ணின கதை உங்க ஆபீஸிலேயே இருக்கும். இங்கேயும் அதே ஆபத்துதான். இதைத் தடுக்க ரெண்டு முறை உண்டு. ஒன்றில் சரக்கும் பேப்பரும் சேர்ந்தே போகும். டேங்கில் 10,000 டன் கிரீன், 30,000 டன் சாதா கலந்தால், வெளியே எடுக்கும்போது 10,000 டன்னுக்கு மேல் "கிரீன்" என்று எழுத முடியாது. இன்னொன்றில் பேப்பர் தனியாக விற்பனையாகும், சரக்கு பக்கத்து ஊருக்கே போய்விடலாம். இது மலிவு, சுலபம். ஆனால் ஐரோப்பா முதல் முறையைத்தான் கேட்கிறது.

எரிபொருளாகப் பயன்படுத்தினால் கணக்கு இன்னும் நீளும். ஜப்பானில் ஜெரா நிறுவனம் 2024 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஹெகினான் அனல் மின் நிலையத்தில் நிலக்கரியோடு 20 சதவீதம் அம்மோனியா எரித்துப் பார்த்தது. கப்பல் இன்ஜின்களும் வருகின்றன. அம்மோனியாவில் கார்பனே கிடையாது என்பதால் எரிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வராது. ஆனால் சரியாக எரியாவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடு வரும், அது கார்பன் டை ஆக்சைடை விட சுமார் 273 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். அப்போ தயாரிப்பு ஆலையின் வாசலோடு முடியும் சான்றிதழ் கப்பல்காரருக்குப் போதாது. அதுக்கு மேல, கப்பல் புகைக்கு உலக அளவில் விலை வைக்கும் சர்வதேச கடல்சார் அமைப்பின் திட்டம் 2025 அக்டோபரில் ஒரு வருஷத்துக்குத் தள்ளிப்போனது. கப்பல் எரிபொருளை நம்பிக் கணக்குப் போட்ட கம்பெனிகள் எல்லாம் அன்னைக்கு ஒரு வருஷத்தை இழந்தன.

நம்ம தூத்துக்குடியும் இந்தக் கதையில் இருக்கு. 2024 ஆகஸ்டில் செம்ப்கார்ப், ஜப்பானின் சோஜிட்ஸ், கியூஷு எலக்ட்ரிக் மூவரும் அங்கே வருஷம் 2 லட்சம் டன் கிரீன் அம்மோனியா தயாரித்து ஜப்பானுக்கு அனுப்ப முதற்கட்ட உடன்பாடு போட்டார்கள். ஊர்ப்பாசத்தில் ஷேர் தேடினால், செம்ப்கார்ப் பட்டியலாகி இருப்பது சிங்கப்பூரில். பாரதீப் ஏலத்தில் வென்றது ஏக்மி கிளீன்டெக், நம்ம சந்தையில் இருப்பது ஏக்மி சோலார் ஹோல்டிங்ஸ். பெயரில் ஒரே "ஏக்மி", ஆனால் ரெண்டும் தனித்தனி நிறுவனம். செய்தியில் வருவது ஒரு பெயர், உங்க டீமேட்டில் ஏறுவது இன்னொரு பெயர். 2023-ல் நான் விழுந்த குழியும் கிட்டத்தட்ட இதேதான்.

மெசேஜ் அனுப்பிய தம்பிக்கு நான் எழுதினது இதுதான்: "அந்தக் கம்பெனியின் கடைசி ஆண்டறிக்கையை டவுன்லோட் பண்ணு. வாங்குபவர் யார், எத்தனை வருஷ ஒப்பந்தம், எந்த நாட்டுச் சான்றிதழ், அது எந்தப் படியில் இருக்கு, ஒப்பந்தம் எந்தக் கம்பெனி பெயரில் இருக்கு, இந்த அஞ்சையும் பக்க எண்ணோட எனக்கு அனுப்பு." நான் செபி பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை, வாங்கு விற்காதே என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை.

ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்தது. "அண்ணா, அம்மோனியா என்ற வார்த்தை 200 பக்கத்தில் மூணு இடத்தில்தான் வருது. மூணும் சேர்மன் கடிதத்தில்."