மைசூர் அரண்மனை மறைக்காத கதை

முன்னோரைப் பற்றித் தாய் தந்தையரிடம் கேட்கும்போது நாம் பெரும்பாலும் பெருமைகளையே நாடுகிறோம். அன்னதானம் செய்தவர் யார், கோயிலுக்கு நிலம் எழுதிவைத்தவர் யார் என்று கேட்கிறோம். அவர்களும் அவற்றையே சொல்லி மகிழ்கிறார்கள். மைசூர் உடையார் குடும்பத்தில் வழிவழியாக வந்த ஒரு கதை இதற்கு மாறானது.

1610-ஆம் ஆண்டு ராஜ உடையார், விஜயநகரப் பிரதிநிதி திருமலைராஜரிடமிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றினார். தோற்றவர் தலக்காட்டுக்குச் சென்று அங்கேயே காலமானார் என்று கதை கூறுகிறது. அவர் மனைவி அலமேலம்மாவிடம் இருந்த நகைகள், ஸ்ரீரங்கப்பட்டணம் ரங்கநாயகித் தாயாருக்கு வெள்ளிக்கிழமைகளில் சாத்தப்பட்டு வந்தவை. அவற்றைப் பெற்றுவர உடையார் ஆட்களை அனுப்பினார். முத்து மூக்குத்தியை மட்டும் தந்த அம்மையார், வீரர்கள் நெருங்கவே, மற்ற நகைகளுடன் மாலங்கியில் காவிரியில் பாய்ந்தார். தலக்காடு மணலாக, மாலங்கி மடுவாக, மைசூர் மன்னர் மகப்பேறின்றிப் போகச் சபித்துவிட்டே பாய்ந்தாராம்.

வருந்திய ராஜ உடையார் அவருக்குத் திருவுருவம் செய்வித்து அரண்மனையில் வழிபட்டார் என்பது மரபு. நவராத்திரியில் அவ்வழிபாடு தொடர்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தசரா விழாவைத் தொடங்கியவரும் அவரே. ஆக, வெற்றி விழாவிலேயே, அவ்வெற்றியால் அழிந்தவருக்கும் பூசை! "இந்த அம்மா யார்?" என்று அவ்வீட்டுக் குழந்தை கேட்டால், மூதாதையின் பிழையைச் சொல்லாமல் பெற்றோர் விடை கூற இயலாது.

சாபம் சொன்னபடியே பலித்ததா? மூன்றாம் கிருஷ்ணராஜர் தத்தெடுத்த சாமராஜேந்திரருக்கு 1884-இல் நால்வடி கிருஷ்ணராஜர் பிறந்தார். தத்துப் பிள்ளைக்குச் சாபம் இல்லை என்று கதை தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறது. தலக்காட்டு மணலுக்கு ஆற்றின் வளைவையும் காற்றையும் ஆய்வாளர் காரணம் காட்டுவர். எனவே கேட்பதை எல்லாம் வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. கண்டது எது, கேள்விப்பட்டது எது என்று பிரித்து எழுதிக்கொண்டால் போதும்.

நம் வீட்டிலும் சுவரில் படம் மாட்டப்படாத ஒருவர் இருப்பார். பாகப் பிரிவினையில் பேச்சற்றுப் போன பெரியப்பா. நகையை இழந்த அத்தை. பழைய புகைப்படத்தையோ பாத்திரத்தையோ கையில் வைத்துக்கொண்டு, "இது யாருடையது?" என்று தொடங்கலாம். ஒரு பெயர் வந்ததும் தந்தை மௌனமானால் வற்புறுத்த வேண்டாம். பெயரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சில நாள் கழித்து, அவர் மனம் அமைதியாக இருக்கையில், மீண்டும் கேட்கலாம்.